தேர்வில் தேறியவர்களுக்கு அடுத்த பாடம் போனில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் எழுத்தறிவுத் தேர்வு நடந்த மறுநாள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வரும். பள்ளிக்கூட பெஞ்சில் ஒரு அப்பத்தா மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து, கேள்வித்தாளில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார். பார்க்கும்போதே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அப்படித் தேர்வெழுதியவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் மையத்தில் படித்தவர். படித்தல், எழுதுதல், எண்ணறிவு மூன்றிலும் தேறிச் சான்றிதழ் வாங்கினார். எட்டு மாதம் கழித்து அவரை வங்கியில் பார்த்தேன். பணம் எடுக்கும் சீட்டில் ரேகை வைத்துவிட்டு, கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பத்தா, உங்களுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே?" என்று கேட்டேன்.

"விட்டுப்போச்சு தாயி. நோட்டைத் தொட்டு எம்புட்டு நாளாச்சு" என்றார்.

அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சத்துணவு அமைப்பாளர் வேலை. 1991-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரத்தில் எங்கள் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அம்மா ஆட்சியராக இருந்த காலம். அரிக்கேன் விளக்கும் கரும்பலகையும் கொடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பெண்கள் வந்து உட்கார மணி ஒன்பதாகிவிடும். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்த கைகள், பலப்பத்தைப் பிடித்தால் ஒடிந்து போகும். அந்தப் பெண்கள்தான் எழுதப் படித்தார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதை நாடறிந்தது, அதை நான் இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வளவாக யாரும் பேசாத கதை ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் கல் குவாரிகளை மகளிர் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குழுவில் இருந்தவர்கள் லாரி நடை எத்தனை, யாருக்கு எவ்வளவு கூலி என்று தினமும் நோட்டில் எழுத வேண்டியிருந்தது. அவர்களில் சிலரை இன்றைக்கும் பார்க்கிறேன், தடங்கல் இல்லாமல் எழுதுகிறார்கள். அதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, அதே அளவு தேறிய மற்றவர்களுக்கு எழுத்து கையை விட்டுப் போய்விட்டது. படிப்பில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. முதல் கூட்டத்துக்கு எழுத வேலை இருந்தது, அடுத்த கூட்டத்துக்கு இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் பிறகு வளர்கல்வி மையம் என்று வைத்தார்கள். எங்கள் ஊரில் ஓர் அலமாரி, கொஞ்சம் புத்தகம், ஒரு பாய், தினம் ஒரு பேப்பர் இருந்தன. முதலில் பேப்பர் நின்றது, அப்புறம் மையத்துக்குப் பூட்டு விழுந்தது.

முப்பது வருடம் கழித்து மறுபடியும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். இந்தத் தடவை மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில். பெரியவர்களுக்கான அந்தத் திட்டம் 2022 முதல் 2027 வரைக்குமானது, மொத்தம் 1,037.90 கோடி ரூபாய். அந்தத் திட்டத்தைத் தாளில் படித்தால் ஐந்து பகுதி இருக்கிறது. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் முதல் பகுதி. பணம், சட்டம், உடல்நலம், கைபேசி போன்ற வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர் கல்வி என்று அதற்கப்புறம் நான்கு. எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்தது முதல் பகுதி மட்டும்தான். 150 மதிப்பெண் தேர்வு, சான்றிதழ், அதோடு சரி. மிச்ச நான்கும் வந்திருந்தால் அப்பத்தா அன்றைக்கு மையைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

அந்த நான்கையும் ஊர் ஊராகக் கட்டடம் கட்டிக் கொடுக்க யாராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். கட்டடமே வேண்டாம். தொலைநிலைக் கல்வியும் கைபேசியும் இருப்பதே இந்த மாதிரி வேலைக்குத்தானே?

நானும் தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவள்தான். கல்யாணத்துக்கு அப்புறம் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்தேன். பழுப்பு உறையில் பாடக்கட்டு வரும். இரண்டு கட்டு பிரிக்காமலே கிடந்திருக்கிறது. சனி, ஞாயிறு நேர்முக வகுப்புக்குத் திருச்சி போனேன். அங்கே பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, "யாப்பு எதுவரைக்கும் படிச்சே?" என்று வாராவாரம் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லவாவது படிக்க வேண்டுமே என்றுதான் மூன்று வருடமும் ஓடியது. பாடம் தபாலில் வந்தாலும் போனில் வந்தாலும், படித்தாயா என்று கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அது பிரிக்காத உறையாகத்தான் கிடக்கும். இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் தேறிய பதினோரு பெண்களோடு ஒரு வருடமாக நான் செய்து வருவதைச் சொல்கிறேன். ஆறு பேர் வீட்டில் டச் போன் இருக்கிறது. ஆனால் அது அவர்களுடையது இல்லை. மகனுடையது, இல்லாவிட்டால் பேரனுடையது. அது வீட்டுக்கு வருவதே ராத்திரி எட்டு மணிக்குத்தான். மற்ற ஐந்து பேரிடம் பட்டன் போன். அதனால் எங்கள் பாட நேரம் எட்டரை. டச் போன்காரர்களுக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜும் ஒரு படமும் போகும். பட்டன் போன்காரர்கள் ஐந்து பேரையும் கான்பரன்ஸ் காலில் இணைத்துக்கொள்வேன். ஒரு பாடம் மூன்று நிமிடம், நான்கு நிமிடம், அதற்கு மேல் இல்லை. பாடப் புத்தகத்தை நான் தொடுவதே இல்லை. அன்றைக்கு அவர்களுக்கு வந்த மெசேஜ்தான் பாடம்.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறினால் வங்கியிலிருந்து மெசேஜ் வருகிறது. எங்களுக்கு வந்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழே இப்போதுதான் படித்தவர்களுக்கு ஆங்கிலம் என்ன தெரியும்? ஆனாலும் விட முடியுமா? நோட்டில் இரண்டே எழுத்தைப் பெரிதாக எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். பிறை மாதிரி வளைந்த எழுத்தில் (C) தொடங்கினால் வரவு. வில்லும் நாணும் மாதிரி (D) இருந்தால் பற்று, உங்கள் பணம் வெளியே போயிருக்கிறது. எண்கள் அவர்களுக்கு முன்பே தெரியும், பஸ் நம்பரும் காலண்டரும் சொல்லிக்கொடுத்தவை. ஒரு வாரத்தில் எல்லோரும் பிறையையும் வில்லையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

அடுத்து வந்த மே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி, எட்டரைக்கு முன்னாடியே ஒரு அக்காவிடமிருந்து போன். அவருக்கு நாற்பத்தெட்டு வயது, கடலைக் காட்டு வேலைக்குப் போகிறவர். "டீச்சர், வில்லு வந்திருக்கு. நானூத்தி முப்பத்தாறு ரூவா. நான் பணமே எடுக்கலையே" என்றார். குரலில் பதற்றம். மறுநாள் வங்கிக்குப் போய்க் கேட்டோம். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான வருடச் சந்தா அது. என்றைக்கோ ஏதோ ஒரு தாளில் அவரிடம் ரேகை வாங்கியிருக்கிறார்கள். ஆள் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரியாமலே இருந்து அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்தப் பணத்தை யார் போய்க் கேட்டிருப்பார்கள்? "காப்பீடு இருக்கட்டும் டீச்சர், நல்லதுதான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல" என்று அங்கே நின்றே சொன்னார். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. ஆயுசில் முதல் தடவையாக அவர் தன் கணக்கைத் தானே படித்துப்பார்த்துத் தட்டிக் கேட்டார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஓர் எழுத்தும் மூன்று எண்ணும்தான்.

இன்னொரு பாடம் தற்செயலாகக் கிடைத்தது. டச் போனில் மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால், பேசினது தமிழில் எழுத்தாக வரும் இல்லையா? அதை ஒரு நாள் எங்கள் மேலத்தெரு அக்காவிடம் காட்டினேன். கூச்சப்பட்டு, வாயைச் சேலையால் மறைத்துக்கொண்டு, "வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருச்சு" என்றார். எழுத்து ஓடி வந்தது. போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலை எழுத்துக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். "வெள்... ளா... டு. ரெண்டு." அங்கே விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. "நான் குட்டின்னுல்ல சொன்னேன்? இதுல கட்டின்னு கெடக்கு" என்றார். போன் தப்பாக எழுதியிருந்தது. ஒரு கொக்கி இல்லாததை அவர் கண்டுபிடித்துவிட்டார். அறிவொளி காலத்திலிருந்து எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், 'கு' எது 'க' எது என்று இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் பிரித்துச் சொன்னதில்லை. புத்தகத்தில் யாரோ எழுதியதைப் படிப்பதும், தான் சொன்ன வார்த்தை சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் ஒன்றாகுமா? இப்போது வாரத்தில் இரண்டு நாள் அதுதான் பாடம். அன்றைக்கு நடந்ததை ஒரு வரி பேச வேண்டும், வந்த எழுத்தைப் படித்துத் தப்பைச் சொல்ல வேண்டும், திருத்தி நோட்டில் எழுத வேண்டும்.

பட்டன் போன்காரர்களுக்கு அந்த வழி இல்லை. தமிழ் மெசேஜ் அனுப்பினால் சில போன்களில் கட்டம் கட்டமாக விழுகிறது. அவர்களுக்கு நான் வாயால் சொல்ல, அவர்கள் நோட்டில் எழுதி, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது என்னிடம் காட்டுகிறார்கள். அந்த அப்பத்தாவும் இப்போது வந்து சேர்ந்துவிட்டார். அவரிடம் இருப்பதும் பட்டன் போன்தான். கான்பரன்ஸ் காலில் என் போனில் ஐந்து பேருக்கு மேல் இணைய முடியவில்லை. அதனால் அவருக்கு மட்டும் தனியாக எட்டே முக்காலுக்குப் போடுகிறேன்.

குரல் வழியாகப் பெரியவர்களுக்குப் பாடம் சொல்வது ஒன்றும் புதிதில்லை. 1960-களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சாவூர் ஜில்லாவில் பரவியது திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பால்தான். விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்வார், ஆடுதுறை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்ற தகவலைக் கணினியில் எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். கட்டுமரக்காரர் கணினி முன்னால் வந்து உட்கார வேண்டியிருக்கவில்லை, வலை பின்னிக்கொண்டே கேட்டார். தேனிப் பக்கத்தில் விடியல் என்ற தொண்டு நிறுவனமும் காமன்வெல்த் கற்றல் அமைப்பும் சேர்ந்து, ஆடு வளர்க்கும் பெண்களுக்குக் கைபேசியில் குரல் பாடம் அனுப்பினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆடு வாங்கக் கொடுத்த வங்கிக் கடனிலேயே கைபேசிக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான். போனும் பெண்ணின் பெயரில், பாடமும் அவர் தொழிலைப் பற்றி. காட்டில் ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டதைச் சாயங்காலம் குழுவில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது திட்டத்தோடு ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது பயன்படுகிறது, யார் யார் சேர்ந்தார்கள் என்று பதிய முடிகிறது. ஆனால் படிக்கிற அக்காக்களுக்கு அது எட்டாது. செயலியைத் திறக்கவே நாலு இடத்தில் படிக்கத் தெரிய வேண்டும். காணொளிப் பாடம் ஓடினால் வீட்டில் இருக்கிற ஒரே போனின் நெட் தீர்ந்துபோய், பேரன் சண்டைக்கு வருகிறான்.

அதனால் திட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தத் திட்டம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்ததை எழுதும்போது, தேர்வில் தேறிய ஒவ்வொருவரின் போன் நம்பரையும் ஒரு குரல் பாடப் பட்டியலில் சேருங்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பிக் கூப்பிட்டுப் பாடம் சொல்கிற மாதிரி, பட்டன் போனிலும் வருகிற மாதிரி இருக்கட்டும். நேரம் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பதுக்குள் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு வந்தால் அவர்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள், இல்லாவிட்டால் களை எடுப்பில் இருப்பார்கள். பாடத்தை அந்தந்த மாவட்டத்திலேயே தயாரியுங்கள். எங்களுக்குக் கடலையும் வெள்ளாடும், ராமநாதபுரத்தில் மிளகாயும் கருவாடும். பேசுகிறவர் அந்தப் பக்கத்துப் பேச்சில் பேசட்டும். ஊருக்கு ஒரு தன்னார்வலர் வாரம் ஒரு தடவை எல்லோருக்கும் போன் போட்டு, எழுதினீர்களா என்று விசாரிக்கட்டும். எங்களுக்கு ஊதியம் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை தீர்ந்துபோகிற ரீசார்ஜையாவது அரசு ஏற்றுக்கொள்ளலாம். என்னோடு பெயர் கொடுத்த இரண்டு பெண்கள் அந்தச் செலவுக்காகவே விலகிவிட்டார்கள், இரண்டு பேருமே என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர்கள்.

அப்புறம் வங்கிகள். தமிழ்நாட்டில் கணக்கு வைத்திருக்கிறவருக்குத் தமிழில் மெசேஜ் அனுப்ப வேண்டும். இதைத் தயவுசெய்து சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம், ஆண்களுக்கு 86.77. அந்தக் கணக்குப்படி பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் படிக்கத் தெரியாத மாநிலத்தில், பெண்களின் கணக்குக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மெசேஜ்தான் மாதம் தவறாமல் அவர்கள் கைக்கு வருகிற ஒரே எழுத்து. அது தமிழில் வந்தால் அதுவே ஒரு பாடம், அதற்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதுமில்லை.

மேலே படிக்க ஆசைப்படுகிறவர்களையும் நினைக்க வேண்டும். எங்கள் பதினோரு பேரில் ஒருத்திக்கு வயது முப்பத்து நான்கு. மூன்றாம் வகுப்பில் நின்று போனவள். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறாள். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பெரியவர்களுக்கு 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமமாக மூன்று நிலைகள் இருக்கின்றன. இதெல்லாம் எனக்கே தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது. எழுத்தறிவுச் சான்றிதழ் கையில் கொடுக்கும்போதே, அடுத்து எங்கே சேரலாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாக உங்களிடமே ஒரு கோரிக்கை, ஆசிரியர் அவர்களே. அறிவொளி காலத்தில் பெரிய பெரிய எழுத்தில் சுவர்ப் பத்திரிகை எழுதித் தெருமுனையில் ஒட்டுவோம். ராத்திரி வகுப்பு முடிந்தவர்கள் விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். அது மாதிரி உங்கள் நாளிதழில் வாரம் ஒரு நாள், கால் பக்கம் மட்டும், புதிதாகப் படித்தவர்களுக்காக ஒதுக்க முடியுமா? பெரிய எழுத்து, சின்ன வாக்கியம். அந்த வாரச் செய்தி இரண்டு, சந்தை விலை ஒன்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் பற்றி ஏதாவது ஒன்று. எங்கள் ஊர் டீக்கடைக்கு உங்கள் நாளிதழ் காலை ஆறரைக்கு வந்துவிடுகிறது. அதைப் படம் பிடித்து ஆறு பேருக்கு அனுப்புவதும், மற்ற ஆறு பேருக்குப் போனில் வாசித்து எழுதச் சொல்வதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் அறிவொளித் தொண்டர்,
குன்றாண்டார்கோவில் ஒன்றியம்,
புதுக்கோட்டை மாவட்டம்.